காலி பாட்டிலில் உயிர் விடும் அரணை!

ஒரு கோடி ஆண்டுக்கு மேல் பழமையான குடும்பம் பெர்முடாத் தீவின் பாறை இடுக்கில் ஒதுங்கிய கதை

கடற்கரைக்கு உல்லாசமாக வந்த யாரோ குடித்துவிட்டு வீசிய காலி பாட்டில் ஒன்று பாறை இடுக்கில் கிடக்கிறது. அதன் அடியில் இனிப்புப் பானம் ஒரு மடக்கு மிச்சம் இருக்கிறது. வெயிலில் அது புளித்து, வாசனை கிளம்புகிறது. வாசனைக்குப் பூச்சிகள் வருகின்றன. பூச்சிகளைத் தேடி ஒரு சிறு பிராணி வருகிறது.

பாட்டிலின் வாயில் தலையை நுழைத்துப் பார்க்கிறது. வழவழப்பான உடம்பு. சுலபமாக உள்ளே வழுக்கி இறங்கிவிடுகிறது. பூச்சியையும் தின்றுவிடுகிறது. பிறகு திரும்பி வரப் பார்த்தால், முடியவில்லை! கண்ணாடியில் நகம் பிடிக்கவில்லை. ஏறுகிறது, வழுக்குகிறது, மறுபடியும் ஏறுகிறது, மறுபடியும் வழுக்குகிறது. உச்சி வெயில் ஏற ஏறப் பாட்டில் அடுப்பாகிவிடுகிறது. சாயங்காலத்துக்குள் அந்தப் பிராணியின் கதை முடிந்துவிடும்.

இப்படிச் சாகும் பிராணி எது தெரியுமா? அரணை. நம் வீட்டுத் தோட்டத்தில் சருகுகளுக்கு நடுவே பளபளவென்று ஓடி மறைகிறதே, அதே அரணைக் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு ஜாதி. ஆனால், இது இருப்பது நம் நாட்டில் அல்ல. அட்லாண்டிக் சமுத்திரத்தில் உள்ள பெர்முடாத் தீவுகளில் மட்டுமே இருக்கிறது. உலகத்தில் வேறு எங்கே தேடினாலும் கிடைக்காது.

பல்லிக்கு உள்ளது, அரணைக்கு இல்லை

சுவர்ப் பல்லி கண்ணாடி ஜன்னலில் கூட ஏறிவிடுகிறது. அரணையால் ஏன் முடியவில்லை?

பல்லியின் விரல்களுக்கு அடியில் மடிப்பு மடிப்பாகத் தோல் இருக்கிறது. அந்த மடிப்புகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் லட்சக் கணக்கில் உள்ளன. அவைதாம் வழவழப்பான பரப்பிலும் ஒட்டிக்கொள்கின்றன. பெர்முடா அரணைக்கு அந்த வசதி கிடையாது. அதற்கு இருப்பவை கூரிய நகங்கள் மட்டுமே. சொரசொரப்பான பாறையில் அது அழகாக ஏறும். செங்குத்தான பாறையில் கூட ஏறும். பாறையே அதன் உலகமாக இருந்த வரையில் நகமே போதுமானதாக இருந்தது. கண்ணாடி என்று ஒரு பொருள் உலகத்தில் வரப்போகிறது என்று அது என்ன கண்டது?

கண்ணாடி பாட்டில் மட்டும் அல்ல. தகர டப்பா, பிளாஸ்டிக் பாட்டில், வழவழப்பான குவளை எல்லாமே அதற்கு எமன்தான். ஒன்று விழுந்து செத்தால் அந்த நாற்றத்துக்கு இன்னொன்று வரும். அதுவும் உள்ளே விழும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்த அரணைகளை எண்ணிக் கணக்கெடுக்கும் விஞ்ஞானிகள் கையாளுவதும் இதே தந்திரத்தைத்தான்! வழவழப்பான ஜாடியில் வாசனையுள்ள தீனியை வைத்துவிட்டு, பக்கத்திலேயே காவல் இருந்து, உள்ளே விழுந்த அரணையை எடுத்து, அளந்து, நிறுத்து, விழுந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். ஜாடியும் பாட்டிலும் ஒன்றுதான். எடுத்துவிட ஒரு கை இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

தூண்டில் முள் போன்ற நாடு

பெர்முடா எங்கே இருக்கிறது? அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வட கரோலினா என்ற மாகாணம் உள்ளது. அங்கிருந்து கடலில் சுமார் 650 மைல் போனால் பெர்முடா வரும். சிறிதும் பெரிதுமாகச் சுமார் 180 தீவுகள். பெரிய தீவுகள் பாலங்களால் இணைக்கப்பட்டுள்ளன. ஆகாயத்திலிருந்து பார்த்தால் தூண்டில் முள் போல வளைந்து தெரியும். எல்லாத் தீவுகளையும் சேர்த்தாலும் பரப்பு சுமார் 20 சதுர மைல்தான். அதில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வசிக்கிறார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட பூமி.

வடக்கே அவ்வளவு தூரத்தில் இருந்தும் அங்கே உறைபனி இல்லை. கல்ப் நீரோட்டம் என்ற வெதுவெதுப்பான கடல் நீர் அந்தப் பக்கமாக ஓடுவதுதான் காரணம். குளிர் காலமும் இதமாக இருக்கும், கோடையில் புழுங்கும். ஊர்ந்து திரியும் பிராணிக்கு ஏற்ற இடம்.

மனிதன் வருமுன் அங்கே பாம்பு இல்லை. எலி, பூனை, கீரி எதுவும் இல்லை. தரையில் ஓடித் திரிந்த முதுகெலும்புள்ள பிராணிகளில் இந்த அரணை முக்கியமானது. பெர்முடாவுக்கே உரியதாய், தரையில் வாழ்வதாய், முதுகெலும்பு உள்ளதாய் இன்றைக்கு உயிரோடு மிஞ்சியிருக்கும் ஒரே பிராணியும் இதுதான்!

அங்குள்ளவர்கள் இதைப் 'பாறைப் பல்லி' என்று அழைக்கிறார்கள். 1861-ம் ஆண்டில் எட்வர்டு டிரிங்கர் கோப் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதற்கு 'நீண்ட மூக்கு' என்று பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டினார். மூக்கு அப்படி ஒன்றும் பிரமாத நீளம் இல்லை. உறவுக்கார அரணைகளின் மூக்கோடு பார்த்தால் சற்று நீளம்; அவ்வளவுதான்.

எப்படி வந்தது?

சமுத்திரத்தின் நடுவே கிடக்கும் தீவுக்கு அரணை எப்படி வந்து சேர்ந்தது? நீந்தி வந்திருக்க முடியாது. பெருவெள்ளத்தில் வேரோடு சாய்ந்த மரங்கள் கடலில் மிதந்து போவது உண்டு. அப்படி ஒரு மரத்தில் ஒட்டிக்கொண்டு, அமெரிக்கக் கரையிலிருந்து அதன் முன்னோர்கள் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

அது எப்போது நடந்தது? 2010-ம் ஆண்டில் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று ஆச்சரியமான விடையைத் தந்தது. இந்தக் குடும்பம் தன் உறவுக் கூட்டத்திலிருந்து பிரிந்து ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறதாம்! அமெரிக்கப் பெருநிலத்தில் இருந்த அதன் நேரடி முன்னோர்களின் வம்சம் அங்கே அற்றுப்போய்விட்டது. தீவில் ஒதுங்கியவை மட்டும் பிழைத்தன. பெர்முடாவில் சுமார் நான்கு லட்சம் ஆண்டுப் பழமையுள்ள இதன் எலும்புகளும் கிடைத்துள்ளன. தாய்வீடு பாழாகி, தனிக்குடித்தனம் போன பிள்ளை மட்டும் தப்பித்த கதை!

நீல வால், சிவந்த தொண்டை

குஞ்சாக இருக்கும்போது இதன் வால் பளிச்சென்று நீலமாக இருக்கும். கறுத்த உடம்பில் நீளவாக்கில் வெளிறிய கோடுகள் ஓடும். வளர வளர நீலம் மங்கிவிடும். ஆணுக்குக் கோடுகளும் மறைந்து உடம்பு வெண்கல நிறமாகும். கன்னமும் தொண்டையும் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம் பெறும். முழுதாக வளர்ந்ததும் வாலோடு சேர்த்து ஒரு சாணுக்கும் குறைவுதான்.

அந்த நீல வாலுக்கு ஒரு வேலை உண்டு. எதிரி பாய்ந்தால் கண்ணைப் பறிக்கும் வாலைத்தான் முதலில் கவ்வும். வால் துண்டாகும், தலை தப்பும். வால் பிறகு மெல்ல வளர்ந்துகொள்ளும்.

நம் ஊர்களில் 'அரணை கடித்தால் மரணம்' என்று ஒரு பேச்சு இருக்கிறது. அரணையைக் கண்டால் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அரணைக்கு விஷமே கிடையாது! பெர்முடா அரணைக்கும் இல்லை, நம் தோட்டத்து அரணைக்கும் இல்லை. எதுகை நயத்துக்காகப் பிறந்த பேச்சுக்கு எத்தனை அரணைகள் பலியாயினவோ!

கோடை தொடக்கத்தில் தாய் அரணை மண்ணைக் குடைந்து, அல்லது கல்லின் அடியில், சில முட்டைகள் இடும். இட்டுவிட்டுப் போய்விடாது. குஞ்சுகள் வெளிவரும் வரை, சுமார் ஐந்து வாரம், முட்டைகளைச் சுற்றி வளைத்துப் படுத்துக் காவல் காக்கும்.

பறவையோடு பந்தி

வண்டு, கரப்பான், மரவட்டை, கடலோரத்தில் தத்தும் சிறு பூச்சிகள் எல்லாம் இதற்கு ஆகாரம். சப்பாத்திக்கள்ளிப் பழம் பழுத்தால் அதையும் விடாது. ஆனால், பண்டைக் காலத்தில் அதற்குப் பெரிய விருந்து வைத்தவை கடற்பறவைகள்தாம்.

கஹாவ் என்று ஒரு பறவை. நாள் முழுதும் கடலில் சுற்றி, இருட்டிய பிறகே கரைக்கு வரும். மண்ணில் குழி தோண்டி ஒரே ஒரு முட்டை இடும். பெர்முடாவைத் தவிர வேறெங்கும் அது கூடு வைப்பதில்லை. வெள்ளை வெளேரென்ற நெடுவால் பறவை ஒன்றும் உண்டு. அது கடலோரப் பாறைப் பொந்துகளில் கூடு வைக்கும். இந்தப் பறவைகள் தம் குஞ்சுக்கு மீனும் கணவாயும் கொண்டுவந்து வாயில் கக்கி ஊட்டும். சிந்துவது எப்படியும் சிந்தும். அந்தச் சிதறலைப் பொறுக்க அரணை பொந்துக்குள் நுழையும். உடைந்த முட்டையை நக்கும். கூட்டில் செத்துப்போன குஞ்சு இருந்தால் அதையும் தின்று பொந்தைச் சுத்தம் செய்துவிடும். பொந்துக்குள் நிழல், ஈரம், சாப்பாடு மூன்றும் உண்டு. அரணைக்கு வேறென்ன வேண்டும்?

பேய்த் தீவில் இறங்கிய மனிதர்கள்

1609-ம் ஆண்டு ஜூலையில் இங்கிலாந்திலிருந்து வர்ஜீனியாவுக்குப் போன 'சீ வெஞ்சர்' என்ற கப்பல் புயலில் சிக்கிப் பெர்முடாவின் பவளப் பாறைகளில் மோதியது. தலைவர் சர் ஜார்ஜ் சோமர்ஸ். கப்பலில் இருந்த சுமார் 150 பேரும் உயிர் தப்பிக் கரையேறினார்கள். அதற்கு முன் அந்தப் பக்கம் போன மாலுமிகள் பெர்முடாவைப் 'பேய்த் தீவு' என்று சொல்லி ஒதுங்கிப் போவார்கள். இரவில் விசித்திரமான ஓலம் கேட்குமாம். ஓலமிட்டவை பேய்கள் இல்லை. லட்சக் கணக்கான கடற்பறவைகள்!

1612-ல் நிரந்தரமாகக் குடியேற்றம் நடந்தது. இரண்டே வருஷத்தில், தானியக் கப்பலோடு எலிகள் வந்து இறங்கின. தின்னத் தின்னப் பெருகின. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு நீந்திப் போயின. பயிரையெல்லாம் அழித்தன. ஜனங்கள் பொறி வைத்தார்கள். காட்டுக்கே தீ வைத்தார்கள். பூனைகளை அவிழ்த்துவிட்டார்கள். எலித் தொல்லை தணியச் சில ஆண்டுகள் பிடித்தன.

எலி அரணையின் முட்டையைத் தின்னும்; பூனை அரணையையே தின்னும். கஹாவ் பறவைகளை மனிதர்களே பிடித்துத் தின்று தீர்த்தார்கள். குடியேறிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குள் கஹாவ் என்ற பறவையே இல்லை என்றாகிவிட்டது. பந்தி வைத்தவரும் போயாயிற்று!

ஈக்குப் பல்லி, பல்லிக்குக் குருவி

இனி வருவதுதான் இந்தக் கதையில் விசித்திரமான பகுதி. பூனை புகுந்ததும் எலி புகுந்ததும் பழைய கதை. அதற்குப் பின் நடந்தவை எல்லாம் படித்தவர்கள் யோசித்துச் செய்தவை.

பெர்முடாவில் பழ மரங்களைப் பழ ஈக்கள் தாக்கின. ஈயை ஒழிக்க என்ன வழி? 1905-ம் ஆண்டில் ஜமைக்காத் தீவிலிருந்து அனோல் என்ற மரப்பல்லிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பல்லி பெருகியது, ஊரெங்கும் பரவியது. பழ ஈ ஒழியவில்லை.

1940-களில் வேறொரு துன்பம் வந்தது. வெளிநாட்டுச் செடிகளோடு செதில் பூச்சி என்ற நுண்ணிய பூச்சி வந்து சேர்ந்தது. பெர்முடாவின் செடார் மரங்களில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சியது. செடார்தான் அந்தத் தீவின் காடு. வீடு கட்ட, கப்பல் கட்ட, பெட்டி செய்ய எல்லாவற்றுக்கும் அதுவே மரம். பத்தே ஆண்டில் நூற்றுக்கு 95 மரங்கள் பட்டுப்போயின. குன்றெல்லாம் வெள்ளை எலும்புக்கூடுகள் போல மரங்கள் நின்றன.

செதில் பூச்சியைத் தின்னப் பொறிவண்டுகளை வரவழைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால், ஊரில் அனோல் பல்லி இருக்கிறதே! அது பொறிவண்டுகளைப் பொறுக்கித் தின்றது.

சரி, பல்லியை ஒழிக்க வேண்டும். 1957-ம் ஆண்டில் டிரினிடாட் தீவிலிருந்து கிஸ்கடீ என்ற குருவிகளைக் கொண்டுவந்தார்கள். மஞ்சள் வயிறு, கறுப்பு வெள்ளைத் தலை, கணீரென்ற குரல். பார்க்க அழகான குருவி. சுமார் 200 குருவிகளைத் திறந்துவிட்டார்கள். கிஸ்கடீ பல்லியைத் தின்றதா? ஏதோ தின்றது. அதைவிட அதிகமாகப் பழங்களைத் தின்றது. மற்றப் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றது. மரத்தில் தாவும் அனோலைப் பிடிப்பதைக் காட்டிலும் தரையில் வெயில் காயும் அரணையைக் கொத்துவது அதற்குச் சுலபம்! இன்று தீவு முழுதும் கிஸ்கடீயின் கூவல்தான். செடார் காட்டைக் காப்பாற்ற அது வந்தது என்பது இன்றைய குழந்தைகளுக்குக் கதையாகச் சொன்னால்தான் தெரியும்.

பட்ட மரங்களுக்குப் பதிலாக எதை நடுவது? காற்றைத் தடுக்கச் சவுக்கு நட்டார்கள். நம் கடற்கரையில் வளர்கிறதே, அதே சவுக்குதான். மளமளவென்று வளர்ந்தது. ஆனால், அதன் சருகு அடர்ந்து விழுந்த இடத்தில் வேறு செடி முளைப்பது அரிது. பாறை விளிம்பில் வேரோடிய சவுக்கு, புயலில் சாயும்போது பாறையையும் பெயர்த்துக்கொண்டு விழுகிறது. அந்தப் பாறையின் வெடிப்பில்தான் அரணையும் நெடுவால் பறவையும் குடியிருந்தன.

இவர்களில் யாரையும் தீயவர் என்று சொல்வதற்கில்லை. ஒவ்வொருவரும் அன்றைய தொல்லைக்கு ஒரு மருந்து தேடினார்கள். ஒரு மருந்து கொடுக்கும்போது பக்கத்துப் படுக்கையில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. ஈக்காகவும் பூச்சிக்காகவும் பல்லிக்காகவும் கூட்டங்கள் கூடி யோசித்தார்கள். அரணையைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை.

பதினைந்து வயதுப் பையன்

1951-ம் ஆண்டு ஜனவரியில் ஓர் அதிசயம் நடந்தது. 300 ஆண்டுகளுக்கு மேலாக அழிந்துபோனதாக எண்ணிய கஹாவ் பறவை உயிரோடு அகப்பட்டது! அமெரிக்கப் பறவை நிபுணர் ராபர்ட் குஷ்மன் மர்பியும், பெர்முடாவின் மீன் காட்சி சாலையைச் சேர்ந்த லூயி மௌப்ரேயும், காசில் ஹார்பர் என்ற வளைகுடாவின் வாயிலில் உள்ள சின்னஞ்சிறு பாறைத் தீவுகளில் அதைக் கண்டுபிடித்தார்கள். அவர்களோடு ஒரு பள்ளிப் பையனும் போயிருந்தான். வயது 15. பெயர் டேவிட் விங்கேட்.

அந்தப் பையன் படித்துப் பட்டம் பெற்றுத் திரும்பி வந்தான். 1962-ம் ஆண்டில் குடும்பத்தோடு நான்சச் என்ற தீவில் குடியேறினான். பிற்பாடு அந்த நாட்டின் முதல் வனப் பாதுகாப்பு அதிகாரியானவர் அவரே. நான்சச் சுமார் 15 ஏக்கர் தீவு. அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஒரு காலத்தில் மஞ்சள் காய்ச்சல் நோயாளிகளைத் தனியே வைத்த ஆஸ்பத்திரி அங்கே இருந்தது. 1930-களில் வில்லியம் பீப் என்ற விஞ்ஞானி அங்கே தங்கி, இரும்புக் கோளத்துக்குள் உட்கார்ந்து அரை மைலுக்கு மேல் ஆழ்கடலில் இறங்கினார். பிறகு சிறுவர் சீர்திருத்தப் பள்ளி நடந்தது. விங்கேட் வந்தபோது பட்ட செடார்களும் வெறும் புல்லும்தான் மிச்சம்.

அவர் மண்வெட்டியை எடுத்தார். பெர்முடாவுக்கே உரிய செடார், பனை வகை, கடலோரச் செடிகள் என்று ஆயிரக் கணக்கில் நட்டார். எலி தலை காட்டினால் ஒழித்தார். ஆண்டுக் கணக்கில் உழைத்த பிறகு, மனிதன் வருமுன் பெர்முடா எப்படி இருந்ததோ, ஏறத்தாழ அப்படி ஒரு காடு நான்சச்சில் எழுந்தது. அரணைக்கு வேண்டிய நிழலும் சருகும் அங்கே உண்டு.

விங்கேட் செய்த வேறொரு காரியமும் உண்டு. கோல்ப் மைதானங்களில் நில நண்டுகள் வளை தோண்டிப் பாழாக்கின. முற்காலத்தில் நண்டு தின்னும் கொக்கு ஒன்று பெர்முடாவில் இருந்து அழிந்தது என்பதை எலும்புகள் காட்டின. 1970-களின் பிற்பகுதியில், அதற்கு நெருங்கிய உறவான மஞ்சள் கொண்டை வக்காவின் குஞ்சுகளைப் புளோரிடாவிலிருந்து கொண்டுவந்து வளர்த்து விட்டார். வக்கா நண்டுகளை நன்றாகவே தின்றது. முன் சொன்ன மருந்துகளில் சொன்னபடி வேலை செய்தது இது ஒன்றுதான்! ஆனாலும், வக்காவின் அலகுக்கு நண்டும் அரணையும் ஒன்றே. அரணையின் எதிரிகள் பட்டியலில் வக்காவின் பெயரும் ஏறிவிட்டது.

கோட்டை இடிபாட்டில் குடும்பம்

இப்போது எத்தனை அரணைகள் மிஞ்சியிருக்கின்றன? எல்லாத் தீவுகளிலும் சேர்த்துச் சில ஆயிரம் என்பதே விஞ்ஞானிகளின் மதிப்பீடு. பெரிய தீவில் அங்கொரு திட்டு, இங்கொரு திட்டு என்று கடலோரத்தில் சிதறிக் கிடக்கின்றன. ஒரு திட்டிலுள்ளவை இன்னொரு திட்டுக்குப் போக முடியாது. இடையில் வீடு, சாலை, புல்வெளி, பூனை!

இருக்கும் இடங்களில் செழிப்பானது சௌதாம்டன் தீவு. காசில் ஹார்பர் வாயிலில் உள்ள இரண்டு ஏக்கருக்கும் குறைவான பாறை. 17-ம் நூற்றாண்டில் பீரங்கி வைத்துக் காவல் காக்க அங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். பீரங்கிக்காரர்கள் போய்விட்டார்கள். இடிந்த சுவர்களின் சந்துகளில் இப்போது அரணைகள் குடியிருக்கின்றன. மனிதர் வசிக்காததும், பூனை இல்லாததுமே அந்தத் தீவின் பாக்கியம். ஆனால், அத்தனை அரணையும் ஒரே பாறையில் இருப்பதும் ஆபத்துதான். 2003-ம் ஆண்டு செப்டம்பரில் பேபியன் என்ற பெரும்புயல் அடித்தபோது, அந்தச் சிறு தீவுகளின் மீது அலைகள் ஏறிப் பாய்ந்தன. பாறைகள் சரிந்தன; கஹாவ் பொந்துகள் பல அழிந்தன.

அதே 2003-ல் பெர்முடா சர்க்கார், அழியும் உயிர்களைக் காக்க ஒரு சட்டம் இயற்றியது. இந்த அரணையைப் பிடிப்பதும் கொல்லுவதும் குற்றம். உலகத்தில் அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் பட்டியலிலும் இதன் பெயர் இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருப்பது தகாது என்று கருதி, 2013-ம் ஆண்டில் 12 அரணைகளை இங்கிலாந்தின் செஸ்டர் மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பினார்கள். பெர்முடாவின் வெயிலையும் ஈரத்தையும் அங்கே விளக்குகளாலும் நீர்த்தெளிப்பாலும் உண்டாக்கினார்கள். அரணைகள் பழகிக்கொண்டன. முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்தன. பெர்முடாவில் ஒரு பெரும் புயலோ நோயோ வந்தாலும் வம்சம் அடியோடு அற்றுப்போகாது.

தீவிலும் வேலை நடக்கிறது. காப்புத் தீவுகளில் எலிக்கு மருந்து வைக்கிறார்கள். சவுக்கை வெட்டிச் செடார் நடுகிறார்கள். கடற்கரைகளில் பாட்டிலும் டப்பாவும் பொறுக்குகிறார்கள். பூனை விஷயம்தான் சங்கடம். ஊர்ப் பூனைகளுக்குச் சோறு வைக்கும் அன்பர்கள் அங்கேயும் உண்டு. பூனை மீது கை வைக்க விடமாட்டார்கள்.

கஹாவ் பறவைகளுக்கும் நல்ல காலம் பிறந்தது. கண்டுபிடித்த பின் பத்தாண்டு தேடியும் 18 ஜோடிகள்தாம் கணக்கில் வந்திருந்தன. புயலில் அலை ஏறாத உயரமான இடம் வேண்டும் என்று, 2004 முதல் 2008 வரை சிறு பாறைகளிலிருந்து குஞ்சுகளை எடுத்து நான்சச்சில் கட்டிவைத்த சிமெண்டுப் பொந்துகளில் வளர்த்தார்கள். பறந்துபோன குஞ்சுகள் பெரிதாகித் தாம் வளர்ந்த இடத்துக்கே திரும்பி வந்தன. 2009-ம் ஆண்டில் நான்சச்சில் ஒரு கஹாவ் குஞ்சு பொரித்தது. அந்தத் தீவில் அப்படி ஒன்று நடந்து ஏறத்தாழ 400 ஆண்டுகள் ஆகியிருந்தன. இப்போது எல்லாத் தீவுகளிலுமாக ஜோடிகளின் எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது.

குளிர்காலம் போய் மார்ச்சு மாதத்தில் அந்தக் குஞ்சுகள் முட்டையை உடைத்து வெளியே வரும். தாயும் தகப்பனும் இரவில் கடலிலிருந்து வந்து மீன் கக்கி ஊட்டிவிட்டு, விடியுமுன் போய்விடும். வெயில் ஏறியதும் பாறை வெடிப்பிலிருந்து அரணை தலை நீட்டும். மீன் வாசனை பிடித்துக்கொண்டு பொந்துக்குள் நுழையும். அங்கே தரை மண். திரும்பி ஏறி வர நகமே போதும்.